அரைப் புள்ளிச் சம்பந்தம்

என் அப்பா சண்முகலிங்கத்துக்கு உலகத்திலுள்ள எல்லா நாட்டுத் தலைநகரமும் தெரியும். எங்கள் வீட்டுச் சீனிப் போத்தல் அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அம்மா இதைச் சொல்லிக் காட்டுகிறார். அப்பா இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

பகலில் அவர் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கோப்புப் பார்ப்பவர். புதன்கிழமை ஏழு மணிக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு பப்பில் மைக் பிடிப்பவர். கிழமைக்கு ஒரு குயிஸ், நாற்பது கேள்வி, பதினைந்து மேசை. வெல்லும் மேசைக்கு ஒரு பெரிய தட்டு டெவில் இறால். அப்பா குடிப்பதில்லை. ஒரு ஜிஞ்சர் பியர் போத்தலை இரண்டு மணித்தியாலம் வைத்திருப்பார். வெறி ஏறுவதற்கு அவருக்கு மைக்கே போதும்.

அங்கே மூன்று விதி. போன் மேசையில் கவிழ்ந்து கிடக்க வேண்டும். பக்கத்து மேசையைப் பார்த்தால் பூச்சியம். வினா நடத்துனரின் தீர்ப்பே இறுதியானது. ஒன்பது வருடத்தில் இந்த மூன்றாவது விதி கொள்ளுப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நான் எந்தப் பாடம் படிப்பது, குளியலறைக்கு என்ன நிறம் அடிப்பது எல்லாவற்றுக்கும் தீர்ப்பு இறுதியானது. பாத்திரம் கழுவுவது யார் என்ற கேள்வி மட்டும் அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை.

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் ப்ளாட்டில் பப் என்ற சொல்லை உரத்துச் சொல்ல முடியாது. லிப்ட் கதவு மூடுவதற்குள் ஏழு மாடிக்கும் போய்விடும். அதனால் அம்மா, "புதன்கிழமையில இவர் பொது அறிவு வகுப்பு எடுக்கிறார்" என்று சொல்லி வைத்திருந்தார். மூன்றாம் மாடிப் பெண் தன் மகனைச் சேர்க்க வந்து நின்றபோது, இடமில்லை என்று திருப்பி அனுப்பினார். அது பொய்யில்லை. புதன்கிழமைகளில் அங்கே உண்மையாகவே இடம் கிடைக்காது.

இந்தக் கதையில் அவிழ்ந்து போனது என்னுடைய கலியாணம். அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிஷாந்தும் நானும் ஒரே கந்தோரில் வேலை செய்தோம். இரண்டு வருடப் பழக்கம். கலியாணம் முடித்து, தெஹிவளையில் இரண்டு அறை வீடு ஒன்று எடுத்து, இரண்டு பேரும் வேலைக்குப் போவது என்று முடிவு செய்திருந்தோம். திரைச்சீலை நிறம் வரைக்கும் பேசிவிட்டோம். ஆனால் கிஷாந்த் சொன்னான்: "அப்பாக்கு லவ் எண்டா பிடிக்காது தனு. பேச்சுக் கலியாணம் மாதிரிக் கொண்டு வருவம்."

நானும் தலையாட்டினேன். அப்போது அது எனக்குக் கெட்டித்தனமாகத் தெரிந்தது. அழகர் என்ற தரகரைப் பிடித்து, என் சாதகத்தை அவரே கண்டுபிடித்தது போல நடக்கச் சொன்னோம். அழகருக்கு நடிப்பில் ஆசை கொஞ்சம் கூட. "எத்தினை வீடு ஏறி இறங்கினனான் தெரியுமே அக்கா, கடைசியிலதான் இந்தப் பெடியன் அம்பிட்டவன்" என்று அம்மாவிடம் வேர்வையைத் துடைத்துத் துடைத்துச் சொன்னார். அவர் ஏறி இறங்கியது எங்கள் கந்தோர் படி மட்டும்.

கொட்டாஞ்சேனையில் கிஷாந்தின் வீட்டிலிருந்து பதில் வந்தது. பத்துப் பொருத்தத்தில் ஆறு. ஆறு என்றால் பரீட்சையில் சாதாரண சித்தி மாதிரி, மண்டபம் பார்க்கத் தொடங்கலாம். கிஷாந்தின் அப்பா குணநாயகம் நில அளவைத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வரும் ஞாயிறு பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

ஞாயிறுக்கு முன் ஒரு புதன்கிழமை இருந்தது.

அப்பா கேள்விகளைக் கையால் எழுதுவார். செவ்வாய்க்கிழமையில் நான் அவற்றைத் தட்டச்சுச் செய்து கொடுப்பேன். அந்தக் கிழமை ஏழாம் கேள்வி: இலங்கையின் மிக உயரமான இரண்டு மலைகள் எவை? ஒவ்வொன்றுக்கும் அரைப் புள்ளி. விடை, அப்பாவின் கையெழுத்தில்: பீதுருதலாகலை, சிவனொளிபாதமலை.

"இரண்டாவது சரியோ அப்பா? ஒருக்காப் போனில பாக்கட்டோ?" என்று கேட்டேன்.

"போனைப் பாக்கிறவன் குயிஸ் நடத்தக் கூடாது" என்றார். தீர்ப்பு இறுதியானது. தட்டச்சுச் செய்து கொடுத்தேன்.

வியாழக்கிழமை காலை இடியப்பத்தோடு முதல்நாள் நிகழ்ச்சியின் மறுஒளிபரப்பு நடப்பது வழக்கம். அன்று அப்பா மிகவும் உற்சாகமாக இருந்தார்.

"நேற்று ஒருத்தர் நல்லா மாட்டினார். ஒன்பதாம் மேசை. நாலு கிழவங்கள். தியோடலைட் எண்டு பேர் வச்சிருக்கிறாங்கள், நிலம் அளக்கிற கருவியாம். அதில வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒராள் எழும்பி நிண்டு, இரண்டாவது கிரிகல்பொத்தை எண்டார். தான் அந்த மலையில ஏறி அளந்ததாம்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?" என்று அம்மா கேட்டார்.

"மைக்கில சொன்னன். ஐயா, நீங்கள் மலையை அளந்திருப்பியள், என்ர விடைத்தாளை அளக்கேல்ல, இருங்கோ எண்டு." அப்பா சொதியை ஊற்றிக்கொண்டார். "முழுச் சனமும் சிரிச்சுது. அரைப் புள்ளியில தோத்தவை. இறால் பக்கத்து மேசைக்குப் போச்சு."

நான் மேசைக்குக் கீழே போனைப் பார்த்தேன். இரண்டாவது கிரிகல்பொத்தைதான். சிவனொளிபாதமலை மூன்றாவதுகூட இல்லை. சொன்னேன்.

"இன்டர்நெட்டில ஆரும் என்னவும் எழுதலாம்" என்றார் அப்பா. சனம் சிரித்ததை இன்னும் இரண்டு தடவை சொல்லிவிட்டுக் கந்தோருக்குப் போனார்.

ஞாயிறு பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. அப்பா பட்டு வேட்டியோடு போய்க் கதவைத் திறந்தார். வணக்கத்துக்கு எழும்பிய கை நெஞ்சளவில் நின்றுவிட்டது. வெளியே வெள்ளைச் சேட்டு, திருநீறு, குணநாயகம். அவருடைய கையும் அதே உயரத்தில் நின்றது. அவருக்குப் பின்னால் மனைவி தட்டில் வாழைப்பழத்தோடு நின்றார், அதற்கும் பின்னால் கிஷாந்த் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டு பேரும் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்திப்பவர்கள் போல அறிமுகம் செய்துகொண்டார்கள். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்கு ஏன் இவ்வளவு வேர்க்கிறது என்று மட்டும் நினைத்தேன். தேநீர் கொடுத்துவிட்டுக் குனிந்த தலையோடு உட்கார்ந்தேன், அந்த வேடத்துக்கு அதுதான் பொருத்தம்.

"இவர் பென்சன் எடுத்தாப் பிறகு வீட்டோடதான்" என்றார் கிஷாந்தின் அம்மா. "புதன்கிழமை மட்டும் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்குப் போவார்."

"எங்கட ஆளும் புதன்கிழமைதான்" என்றார் என் அம்மா. "பொது அறிவு வகுப்பு."

குணநாயகம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பொது அறிவு எண்டா, மலை ஆறு எல்லாம் படிப்பிப்பீங்களோ?"

"ஓம், படிப்பிப்பன்."

"சரியாப் படிப்பிக்க வேணும். பிழையாச் சொல்லிக் குடுத்தா அந்தப் பிள்ளையள் வாழ்க்கை முழுக்கப் பிழையாச் சொல்லித் திரியும்."

"என்ர வகுப்பில பிழை வாறேல்ல" என்றார் அப்பா.

"உங்கட சங்கத்தில என்ன செய்வியள்?" என்று அம்மா இடையில் கேட்டார், பேச்சு நன்றாகப் போகிறது என்று நினைத்து.

"அநியாயம் நடந்தா அதைக் கேப்பம்" என்றார் குணநாயகம். போகும்போது என் சாதகத்தின் பிரதி ஒன்றை மறுபடியும் வாங்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அழகர் போன் எடுத்தார். குரலில் நடிப்பு இல்லை. கொட்டாஞ்சேனைச் சாத்திரியார் திரும்பப் பார்த்தாராம். உத்தமமாக இருந்த ஒரு பொருத்தம் மத்திமமாகப் போய்விட்டதாம். மொத்தம் ஐந்தரை. ஆறு இல்லாமல் அவர்கள் வீட்டில் கலியாணம் பேசுவதில்லையாம்.

அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "கிரகம் எப்பிடி ரெண்டு கிழமையில மாறும்?"

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். ஒன்பதாம் மேசை, கிரிகல்பொத்தை, வெள்ளைச் சேட்டு எல்லாம் வந்து விழுந்தன. அம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "ஒரு மலைக்கு என்ர பிள்ளையைக் குடுத்திட்டீங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பி உள்ளே போனார்.

நான் கிஷாந்துக்கு எடுத்தேன்.

"உங்கட அப்பாவோட கதையுங்கோ. இது சாதகம் இல்ல, உங்களுக்கும் தெரியும்."

"கொஞ்சம் பொறும் தனு. அப்பா ஆறட்டும்."

"அவர் ஆறுறதுக்கிடையில வேற சாதகம் பாத்திடுவார்."

"நான் இப்பக் கதைச்சா இன்னும் கோவப்படுவார். உம்மட அப்பா அந்த அரையைக் குடுத்தா முடிஞ்சுது தானே."

ஆனாலும் அவன் சொன்னதையே செய்தேன். அப்பாவிடம் போய் நின்றேன். நாளைக்கு மைக்கில் திருத்தச் சொன்னேன். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ஒன்பது வருடத்தில் ஒரு தீர்ப்பைக்கூட மாற்றியதில்லை என்றார். மாற்றினால் அடுத்த கிழமை ஒவ்வொரு மேசையும் எழும்பி நிற்குமாம்.

"பீதுருதலாகலை எவ்வளவு உயரம் அப்பா?"

"இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்திநாலு மீற்றர்."

"எனக்கு எத்தினை வயசு?"

"இருபத்தாறு."

"இருபத்தெட்டு."

அவர் திருத்திக்கொள்ளவில்லை, வாதாடவும் இல்லை. "நாளைக்கு நீயும் வா" என்றார்.

புதன்கிழமை ஆறே முக்காலுக்கு அப்பா உள்ளே மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னாலிருந்து குணநாயகம் இறங்கினார். என்னைக் கண்டதும் சங்கக் கூட்டத்துக்கு வந்தவர் போலவே நிமிர்ந்து நடந்து உள்ளே போனார். ஓட்டி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். கிஷாந்த்.

"நீங்கள் எங்க இங்க?"

"நான்தான் அப்பாவை ஒவ்வொரு கிழமையும் கொண்டு வந்து விடுறனான். ஒரு அஞ்சாறு மாசமா."

"இங்க மைக் பிடிக்கிறது என்ர அப்பா எண்டு உங்களுக்குத் தெரியும். நான்தான் சொன்னனான்."

"தெரியும்."

"ரெண்டு பேரில ஒராளுக்காவது முதலே சொல்லியிருக்கலாம். எனக்காவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா அப்பாக்கு ஒரு மாதிரி இருக்கும் தனு." ஹெல்மெட்டை மறுபடி போட்டுக்கொண்டான். "ஒம்பது மணிக்குக் கூட்டிக்கொண்டு போக வருவன்."

அவன் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். எனக்கு ஒரு மாதிரி இருக்குமா என்று அவன் ஒரு தடவையும் யோசித்ததில்லை போலிருந்தது. பிறகு உள்ளே போய், சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அப்பா முதல் பத்துக் கேள்வியையும் வேகமாக வாசித்தார். ஜிஞ்சர் பியர் போத்தல் அன்று அரை மணித்தியாலத்தில் முடிந்தது. இன்னொன்று வாங்கினார். பிறகு தொண்டையைச் செருமி, தன்னுடைய கந்தோர் ஆங்கிலத்தில் சொன்னார்: போன கிழமை ஏழாம் கேள்விக்குச் சரியான இரண்டாவது விடை கிரிகல்பொத்தை. பிழை விட்டது வினா நடத்துனர். ஒன்பதாம் மேசைக்கு அரைப் புள்ளி.

யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். சும்மா சொல்லக் கூடாது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெரிந்த நாளிலிருந்து இந்த மனிதர் ஒன்றையும் தன் பிழை என்று சொன்னதில்லை. எனக்காகச் சொன்னார், அதுவும் நூறு பேருக்கு முன்னால்.

குணநாயகம் எழும்பிச் சேட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அப்ப இறால்?" என்றார்.

இறாலும் வந்தது.

மறுநாள் காலையே அழகர் எடுத்தார். சாத்திரியார் கண்ணாடி மாற்றியிருக்கிறாராம். மத்திமம் திரும்பவும் உத்தமம் ஆகிவிட்டதாம். மொத்தம் ஆறு. ஞாயிற்றுக்கிழமை நாள் குறிக்க வருகிறார்கள்.

வந்தார்கள். இந்த முறை இரண்டு அப்பாக்களும் பழைய நண்பர்கள் போல ஒரே சோபாவில் உட்கார்ந்தார்கள். குணநாயகத்தின் முகத்தில் ஒரு நாட்டைப் பிடித்த களை. நான் தேநீர்த் தட்டோடு வந்தபோது அவர் ஒவ்வொன்றாக ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். கலியாணம் ஆவணியில். மண்டபம் கொட்டாஞ்சேனையில்.

"கலியாணத்துக்குப் பிறகு பிள்ளை வேலைக்குப் போகத் தேவையில்ல" என்றார். "எங்கட மேல் அறை சும்மாதானே கிடக்குது. எங்களோடயே இருக்கலாம். இவவுக்கும் குசினியில ஒரு துணை."

கிஷாந்தின் அம்மா தலையாட்டினார். என் அம்மா என்னைப் பார்த்தார். நான் கிஷாந்தைப் பார்த்தேன். தெஹிவளை வீடு, திரைச்சீலை, இரண்டு வருடமாகப் பேசிய பேச்சு எல்லாம் அவனுக்கும்தான் தெரியும். அவன் பயிற்றம் பணியாரத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

கோப்பைகளைக் கொடுத்துவிட்டுத் தட்டை மேசையில் வைத்தேன்.

"நான் அவரிட்ட ஒரு கேள்வி கேக்கலாமோ?"

பெண் கேட்பதற்கு இந்த நிகழ்ச்சியில் கேள்வி கிடையாது. ஆனால் யாரும் மறிக்கவில்லை. கிஷாந்த் நிமிர்ந்தான்.

"உங்கட விருப்பம் என்ன? நான் வேலையை விடுறதோ, விடாமல் இருக்கிறதோ?"

அப்பா வழக்கம் போலக் சோபாவின் கைப்பிடியில் விரலால் தட்டத் தொடங்கினார். ஒரு கேள்விக்கு முப்பது விநாடி, அவருக்கு அது பழகிப்போனது. பத்துத் தட்டும்வரை கிஷாந்த் பணியாரத்தைப் பார்த்தான். பிறகு மெல்லத் தலையைத் திருப்பித் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். விடை அங்கே எழுதியிருக்கிறது போல, அதை வாசித்து முடிக்கும்வரை பார்த்தான்.

அப்பாவின் விரல் நின்றது.

"பக்கத்து மேசையைப் பாத்தா பூச்சியம்" என்றார். மைக்கில் சொல்லும் அதே குரல்.

"அதெப்பிடி?" குணநாயகம் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவன் இன்னும் விடை சொல்லேல்லையே. ஒன்பதாம் மேசைக்கு ஒரு நியாயம், இவனுக்கு ஒரு நியாயமோ? அரையாவது குடுக்க வேணும்."

"எந்த மேசை?" என்று கேட்டார் அவருடைய மனைவி. "சங்கத்தில மேசைக்கு நம்பர் போட்டிருக்கோ?"

குணநாயகம் வாயை மூடினார். யாரும் அவரைக் காப்பாற்ற வரவில்லை. அப்பா என் பக்கம் திரும்பினார். எந்தத் தீர்ப்பையும் இன்னொருவரிடம் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை, அதனால் சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"தனு, நீ சொல்லு. எவ்வளவு போடுறது?"

கிஷாந்த் இப்போது என்னைப் பார்த்தான். இரண்டு வருடம் பிடித்திருந்த முகம் அது. அப்போதும் பிடித்திருந்தது, அதனால்தான் வலித்தது. அரை கொடுத்தால் ஆவணியில் கலியாணம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நான் கேட்கும் கேள்விக்கு அவன் சோபாவின் அந்தப் பக்கம் திரும்புவான்.

"பூச்சியம்தான் அப்பா" என்றேன்.

அப்பா தலையை அசைத்தார். நான் கோப்பைகளைத் தட்டில் அடுக்கத் தொடங்கினேன். குணநாயகத்தின் கோப்பை அப்படியே இருந்தது, அதில் சீனி போட மறந்திருந்தேன். அப்பா எழும்பிக் குசினிக்குப் போய்ச் சீனிப் போத்தலுக்காக ஒவ்வொரு தட்டாகத் தேடும் சத்தம் கேட்டது.

"இரண்டாவது தட்டு அப்பா" என்று சொல்லிக் கொடுத்தேன்.